பழ வாசனையோடு சம்பந்தம் பேசப் போனேன்

தன் மேல் அடிக்கிற வாசனை தனக்குத் தெரியாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறேன். பெயர் கஸ்தூரி. (பெயர் வைத்தபோது நான் இந்தத் தொழிலுக்கு வருவேன் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.)

எங்கள் பக்கத்தில் ஒருவர் எங்கே வேலை செய்கிறார் என்று வாய்விட்டு விசாரிக்க வேண்டியதில்லை. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறினால் போதும். பச்சைத் தோல் பிரிவு ஆட்கள் ஏறினால் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒட்டுகிற பிரிவுப் பெண்கள் வந்தால் பஞ்சர் கடையைத் திறந்துவிட்ட வாடை வரும். நான் இருப்பது பினிஷிங். தைத்து முடித்த ஷூவுக்குக் கடைசியாக லேக்கர் அடித்து, பளபளவென்று ஆக்கி, பெட்டியில் போட்டு அனுப்புகிற இடம். அந்த லேக்கருக்கும், அதைக் கரைக்க ஊற்றுகிற தின்னருக்கும் நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தின் வாசனை இருக்கும்.

இதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஊரே மூக்கைப் பிடிக்கிற தொழிலில் எங்கள் செக்ஷனுக்கு மட்டும் பழ வாசனை. கண்டக்டர்கூட "பினிஷிங் அக்காங்க வந்துட்டாங்க, பழக்கடை ஏறிடுச்சு, போலாம் ரைட்" என்பார். அதைக் கேட்டு நான் கூச்சப்பட்டதில்லை. காசு கொடுத்து சென்ட் வாங்குகிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

அந்தப் பெருமை மண்ணைக் கவ்விய கதைதான் இது.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய சம்பவம். என் தங்கை சுமதி அப்போது வேலூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தாள். ஒடுகத்தூரிலிருந்து தினமும் வேலூருக்கு வந்துபோகிற இளங்கோ என்பவருக்கும் அவளுக்கும் பஸ்ஸில் பழக்கமாகி, கல்யாணம் என்று வந்து நின்றது. எங்கள் வீட்டில் தடை ஒன்றும் இல்லை. அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருஷம். அம்மாவுக்குப் பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தால் சரி. சிக்கல் இளங்கோவின் அப்பா தணிகாசலம். தென்னை, வேர்க்கடலை, வரப்பு, வாய்க்கால் என்று இருக்கிற மனிதர். அதிகம் பேச மாட்டார். ஒரு வருஷம் பிடி கொடுக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் ஒரு வாக்கியம் சொன்னாராம்: "பொண்ணு வீட்டுப் பெரியவங்க வரட்டும். ஆளுங்களைப் பார்த்துட்டு சொல்றேன்."

அவர் ஒரு தடவை வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அப்பாவை மீறி இளங்கோ வர மாட்டார் என்று சுமதி அழுதாள். ஆகவே எல்லாம் அந்த ஒரு நாளில் இருந்தது. அம்மாவுக்கு முட்டி வலி. என் வீட்டுக்காரர் லாரியோடு அரக்கோணம் போயிருந்தார். மிச்சம் இருந்த பெரியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கோவிந்தசாமி பெரியப்பா, அப்பாவின் அண்ணன், காது மந்தம். இன்னொருத்தி நான்.

முதல் நாள் சாயங்காலம் சுமதி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, உன் கால்ல விழறேன். அங்க போய் வாயைத் தொறக்காத."

"நான் இன்னாடி பேசிடப் போறேன்?"

"பக்கத்து வீட்டு மஞ்சுவுக்குப் பேசப் போனப்ப, மாப்பிள்ளையோட அப்பா செருப்பைப் பார்த்தே அவருக்கு எந்தக் கால்ல ஆணி இருக்குதுன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

(ஞாபகம் இருந்தது. இடது கால். நான் சொன்னது சரியாகவும் இருந்தது. அந்தச் சம்பந்தம் கூடவில்லை.)

"சரி, பேசல. தலையை மட்டும் ஆட்டறேன், போதுமா?"

"சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

"இன்னொண்ணுக்கா. தட்டுல வாழைப்பழம் வெக்காத. அவரு சொல்லச் சொன்னாரு. அவங்க தோட்டத்துல தேனீப் பொட்டிங்க இருக்குதாம். வாழைப்பழம் ஆகாதாம்."

"யாருக்கு ஆகாது?"

"போன்ல கேக்கறதுக்குள்ள அவரு பஸ் மலைப்பக்கம் திரும்பிடுச்சு, சிக்னல் போயிடுச்சு."

இதைக் கேட்ட பெரியப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. வாழைப்பழம் இல்லாமல் யாராவது சம்பந்தம் பேசப் போவார்களா என்றார். "தேனீ இருக்குதாம் பெரியப்பா" என்று நான் அவர் காதருகே கத்தினேன். "டீ குடுத்தா குடிச்சிட்டுப் போறோம், அதுக்கும் பழத்துக்கும் இன்னா சம்மந்தம்?" என்று திருப்பிக் கத்தினார்.

ஆனாலும் நான் சொன்ன சொல் தவறாதவள். ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை பாக்கு, பூ, ஒரு கிலோ மைசூர்பாகு என்று தட்டுக்கு எல்லாம் வாங்கினேன். வாழைப்பழக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வாயையும் மூடிவிட்டேன், வாழைப்பழத்தையும் ஒதுக்கிவிட்டேன், இனி இந்தச் சம்பந்தத்தைக் கெடுக்க யாராலும் முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

போகிற நாள் சனிக்கிழமை. கம்பெனியில் ஷிப்மென்ட் இருந்ததால் லீவு தரவில்லை, அரை நாள் பெர்மிஷன்தான் கிடைத்தது. மெரூன் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, மேலே கம்பெனி கோட்டை மாட்டிக்கொண்டு காலை ஷிஃப்ட் பார்த்தேன்.

அங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. வாய் பேசக் கூடாது என்றால் கை பேசட்டும். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒரு ஜோடி தோல் செருப்பு கொண்டுபோவோம். ஸ்டாஃப் கடையில் ஒன்பதாம் நம்பர் வாங்கினேன். (அளவு சுமதி போனில் விசாரித்துச் சொன்னது.) கடையில் இருந்தபடியே கொடுத்தால் அதில் என் திறமை எங்கே இருக்கிறது? ஸ்ப்ரே துப்பாக்கியை எடுத்து என் கையாலேயே ஒரு கோட்டிங் லேக்கர் அடித்தேன். அழகாக வந்தது. இன்னொரு கோட்டிங் அடித்தேன். இன்னும் அழகாக வந்தது. மூன்றாவதுக்கு டப்பாவை நகர்த்தும்போது அது சாய்ந்து, கோட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த முந்தானையில் கொட்டிவிட்டது.

லேக்கர் கறைக்குத் தின்னர்தான் மருந்து. பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். போகவில்லை. பஞ்சை விட்டுவிட்டு முந்தானையையே தின்னரில் முக்கினேன். கறை போயிற்று. பக்கத்தில் நின்ற சலீமா, "அக்கா, வாசம் ஜாஸ்தியா இருக்குதே, வேற பொடவை மாத்திக்கிறியா?" என்றாள்.

"பழ வாசனைதானேடி! சென்ட் அடிச்சா மாதிரி இருக்கும்" என்றேன்.

செருப்பை ஈரம் காயாமலே பெட்டியில் வைத்து, மூடி, நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். வேலையில் நான் அவ்வளவு சுத்தம்.

மத்தியான வெயிலில் மாதனூர் வழியாக ஒடுகத்தூர் போகிற பஸ்ஸில் நானும் பெரியப்பாவும் உட்கார்ந்தோம். செருப்புப் பெட்டி என் மடியில் சூடாகிக்கொண்டே வந்தது. முன் சீட்டில் இருந்த யாரோ ஓர் அம்மாள் இரண்டு தடவை குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். "யாரோ வாழத்தார் ஏத்தியிருக்காங்க போலக்குது" என்றார். நான் புன்னகை செய்துகொண்டேன். பழத்தைத்தானே ஆகாது என்றார்கள், வாசனையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்றுகூட என் மூளைக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நான் வக்கீலாகியிருப்பேன்.

அவர்கள் வீடு ஊரைத் தாண்டித் தோட்டத்துக்குள் இருந்தது. பின்னால் மலை. வீட்டு முன்னால் ஒரு மாமரம், அதன் நிழலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. பத்தடி தள்ளி, கால் வைத்த மரப்பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் வாசலிலும் தேனீக்கள் வருவதும் போவதுமாக இருந்தன. இளங்கோ இளநீர் பறித்துவரப் போயிருக்கிறார் என்று அவருடைய அம்மா சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போனார். நாங்களும் தணிகாசலமும் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"வாங்க" என்றார் தணிகாசலம்.

நான் கைகூப்பிச் சிரித்தேன்.

"பஸ்ஸுல கூட்டமா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பொண்ணுக்கு அக்காங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ஷூ கம்பெனில வேலைன்னு சொன்னாங்க. இன்னா வேலை?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் மூன்று மணி நேரத்துக்குப் பதில் இருக்கிறது. தோல் எங்கிருந்து வருகிறது, எத்தனை பேர் கை மாறுகிறது, ஒரு ஷூவைத் தொட்டுப் பார்த்தே எந்த லைனில் தைத்தது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியம் ஞாபகம் வந்தது. "பினிஷிங்" என்றேன். உதட்டை மூடிக்கொண்டேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெரியப்பா பக்கம் திரும்பினார்.

"இவங்க எப்பவும் இப்படித்தானா? பேச மாட்டாங்களா?"

"ஆமாங்க, இந்த வருசம் வெயில் ஜாஸ்திதான்" என்றார் பெரியப்பா.

அதற்கப்புறம் யாரும் ஒன்றும் பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததே இல்லை. அடக்கமான குடும்பம் என்று அவர் மனசுக்குள் மெச்சிக்கொண்டிருக்கிறார் என்று நம்பினேன்.

அப்போது ஒரு தேனீ என் முந்தானையில் வந்து உட்கார்ந்தது. கொஞ்சம் நடந்தது. மீசையை ஆட்டி ஆட்டித் துணியைத் தடவிப் பார்த்தது. பறந்து போயிற்று. அடுத்த நிமிஷம் நாலு வந்தன. பிறகு பத்துப் பன்னிரண்டு இருக்கும். உட்காராமல் என் தோளைச் சுற்றி ஒருவிதக் கோபமான சத்தத்தோடு சுற்றின. பூ என்று நினைத்துக்கொண்டு வருகின்றன, பாவம் என்று நினைத்தேன்.

தணிகாசலம் நெற்றியைச் சுருக்கினார். "இதுங்க யாரையும் ஒண்ணும் பண்ணாதே. இன்னைக்கு இன்னா ஆச்சு?" என்று பெட்டிகளைப் பார்த்தார். பெட்டி வாசல்களில் வழக்கத்துக்கு மேல் தேனீக்கள் வெளியே வந்து குவிந்து நின்றன. கம்பெனி கேட்டில் சண்டை என்றால் ஆட்கள் வந்து நிற்பார்களே, அப்படி நின்றன.

அவர் தொண்டையைக் கனைத்தார். "சரி. வந்ததுக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன்."

மனிதர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் வாயிலிருந்து வார்த்தை விழுவதற்குள் செருப்பைக் காட்டிவிட வேண்டும் என்று சட்டென்று எழுந்து நின்றேன். நான் எழுந்ததைப் பார்த்த பெரியப்பா, பேச்சு முடிந்து தட்டு கொடுக்கிற நேரம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு அவரும் எழுந்தார்.

நான் டேப்பைக் கிழித்துப் பெட்டியைத் திறந்தேன்.

இரண்டு கோட்டிங் லேக்கர், இரண்டு மணி நேர வெயில், காற்று புகாத பெட்டி. குப்பென்று கிளம்பிய வாசனை எனக்கே மூக்கில் ஏறியது. அப்போதே எட்டு வருஷம் அதற்குள்ளேயே நின்று மரத்துப்போன மூக்கு இது. அப்படியென்றால் மற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேனீப் பெட்டிகளுக்கு அது நன்றாகவே கேட்டது.

முதல் கொட்டு கழுத்தில். இரண்டாவது காதில். மூன்றாவதிலிருந்து நான் எண்ணவில்லை, ஓடினேன். பட்டுப்புடவையைத் தூக்கிக்கொண்டு மாமரத்தை ஒரு சுற்று சுற்றினேன். போகிற இடமெல்லாம் கூட்டம் பின்னாலேயே வந்தது. காரணம் இப்போது தெரிகிறது. செருப்புப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே ஓடியிருக்கிறேன். உயிரே போனாலும் பரிசைக் கொடுக்காமல் விடுவதில்லை என்று இருந்திருப்பேனோ என்னவோ.

ஓட இடமில்லாமல் போனதும் நான் செய்ததைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பெண் வீட்டுப் பெரியவளாகப் போன நான், மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அந்த வீட்டில் நான் பேசிய முதல் முழு வாக்கியம் இதுதான்:

"மாமா! மாமா! கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க, கொட்டுது!"

அவர் திரும்பினார். மேலுதட்டில் ஒன்று வாங்கினார். இடது கண்ணுக்குக் கீழே ஒன்று வாங்கினார். "ஐயோ" என்று கத்திவிட்டு, கைக்கு எட்டிய எதையாவது பிடித்து முகத்தை மறைக்கப் பார்த்தார். கைக்கு எட்டியது பெரியப்பா நீட்டிக்கொண்டிருந்த தட்டு. வெடுக்கென்று பிடுங்கினார். ஆப்பிளும் சாத்துக்குடியும் உருண்டன, மைசூர்பாகு சிதறியது. தட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியப்பாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அவரை ஒரு தேனீகூடத் தொடவில்லை. அவருக்கு ரீங்காரமும் கேட்கவில்லை. அவர் கண்டதெல்லாம் சம்பந்தி தட்டை வாங்கியதுதான்.

"தட்டு வாங்கிட்டாரு! சம்பந்தி தட்டு வாங்கிட்டாரு!" என்று தோட்டம் அதிரக் கூவினார்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் நீட்டுகிற தட்டைக் கை நீட்டி வாங்கிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குமேல் பேச்சு கிடையாது. கூவலைக் கேட்டு மாப்பிள்ளையின் அம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் குங்குமச் சிமிழோடு வாசலுக்கு வந்தார். எங்களைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

நல்லவேளை, அப்போது இளங்கோவின் பைக் வந்தது. இளநீரைக் கீழே போட்டுவிட்டு, "அக்கா, அந்தப் பொட்டியத் தூக்கிக் கடாசுங்க!" என்று கத்தினார். கடாசினேன். மாட்டுத் தொட்டித் தண்ணீரில் போய் விழுந்தது. அவர் தேங்காய் நாரைக் கொளுத்திப் புகை போடுகிற டப்பாவோடு வந்து, எங்கள் மூன்று பேரையும் புகையிலேயே மூடி, அம்மாவைக் கதவைத் திறக்கச் சொல்லி வீட்டுக்குள் தள்ளினார்.

உள்ளே கணக்கெடுத்ததில் எனக்குப் பதினோரு கொட்டு. தணிகாசலத்துக்கு நாலு. இளங்கோ நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கொடுக்குகளை எடுத்தார். என் கழுத்துக்குக் குனிந்தவர் அப்படியே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"வாழைப்பழம் எடுத்துனு வராதீங்கன்னு சொல்லி அனுப்பினேனே அக்கா?"

"எடுத்துனு வரலையேப்பா. ஆப்பிளு, சாத்துக்குடிதான்."

"பின்ன இது இன்னா வாசனை?"

"அதுவா, லேக்கர். எங்க பினிஷிங்ல..." என்று ஆரம்பித்தேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு விளக்கினார். தேனீக்களுக்குப் பேச்சு எல்லாம் பெரும்பாலும் வாசனையில்தான். ராணி உள்ளே இருக்கிறாள் என்பதும் வாசனை, பக்கத்துப் பெட்டிக்காரி திருட வந்திருக்கிறாள் என்பதும் வாசனை. ஒரு தேனீ யாரையாவது கொட்டினால் அந்தக் கொடுக்கிலிருந்து ஒரு வாசனை கிளம்புமாம். மற்றவற்றுக்கு அது கட்டளை. எதிரி இங்கே இருக்கிறான், எல்லாரும் வாருங்கள், இதே இடத்தில் கொட்டுங்கள் என்று அர்த்தம். அந்த வாசனை மனுஷ மூக்குக்கு அச்சு அசலாக வாழைப்பழ வாசனையாகத் தெரியுமாம். அதனால்தான் தேனீ வளர்க்கிறவர்கள் பழம் சாப்பிட்டுவிட்டுப் பெட்டிப் பக்கம் போக மாட்டார்கள். அதே சங்கதிதான் எங்கள் லேக்கரிலும் தின்னரிலும் இருக்கிறது.

"புரியற மாதிரி சொல்லணும்னா அக்கா," என்றார் இளங்கோ, "நீங்க எங்க தோட்டத்துக்குள்ள வந்ததுலேர்ந்து, அதுங்க பாஷைல, 'வாங்கடி, வந்து கொட்டுங்கடி'ன்னு மைக் வெச்சுக் கூப்பிட்டுனு இருந்திருக்கீங்க."

வாயை மூடிக்கொண்டு இருப்பதாகச் சத்தியம் பண்ணியவள் நான். வாயை மூடித்தான் இருந்தேன். என் முந்தானை விடாமல் பேசியிருக்கிறது, அதுவும் அவ்வளவு கெட்ட வார்த்தை.

இதற்குள் தணிகாசலத்தின் மேலுதடு மூக்கைத் தொடுகிற அளவுக்கு வீங்கிவிட்டது. ஒரு கண் மூடிவிட்டது. மற்றக் கண்ணால் என்னை முறைத்துக்கொண்டு, எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பெரியப்பா முந்திக்கொண்டார்.

"அப்ப நிச்சயதார்த்தத்தை ஆவணில வெச்சிக்கலாங்களா?"

"ம்ம்ம்ம்!" என்றார் தணிகாசலம். அது வலி என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"ஆவணியே நல்லதுன்னு சொல்றாரு" என்றார் பெரியப்பா.

மாப்பிள்ளையின் அம்மா கொட்டிய இடத்தில் தடவச் சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "வாங்கின தட்டத் திருப்பித் தர்றது வழக்கமில்ல." மகனுக்காக ஒரு வருஷமாகக் காத்திருந்த அம்மா அவர். கிடைத்த பிடியை விட அவர் ஒன்றும் ஏமாளி இல்லை.

திரும்புகிற பஸ்ஸில் போனை எடுத்தால் சுமதியிடமிருந்து பதினான்கு மிஸ்டு கால். கூப்பிட்டேன்.

"இன்னாக்கா ஆச்சு?" என்றாள்.

"தட்டு வாங்கிட்டாரு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. பிறகு, "நீ ஒண்ணும் பேசலல்ல?"

"ஒரு வார்த்தை பேசல."

"அப்ப ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்குது?"

என் உதடும் வீங்கியிருந்தது. சிக்னல் போயிடுச்சு என்று போனை வைத்துவிட்டேன். மறுநாள் வாய் வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் தணிகாசலம் பெரியப்பாவுக்குப் போன் போட்டு என்னவோ நீளமாகப் பேசியிருக்கிறார். பெரியப்பா முழுக்கக் கேட்டுவிட்டு, "ரொம்ப சந்தோசம் சம்பந்தி" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. பெரியப்பாவுக்கும் தெரியாது. ஆவணியில் நிச்சயம் நடந்தது, தை மாதம் கல்யாணம் நடந்தது.

அதற்கப்புறம் எனக்குப் பூச்சி என்றால் தனி மரியாதை. ஒடுகத்தூர் போகும்போதெல்லாம் இளங்கோவை விடாமல் கேட்டுத் தொந்தரவு பண்ணுவேன். எறும்பு வரிசையாகப் போவது ஒழுக்கத்தால் இல்லையாம், முன்னால் போனது தரையில் இழுத்துவிட்டுப் போன வாசனையை மோந்துகொண்டு மற்றவை போகின்றனவாம். ஈ காலால் ருசி பார்க்குமாம். (இது தெரிந்த பிறகு மைசூர்பாகில் ஈ நடந்தால் எனக்கு இரண்டு மடங்கு கோபம் வருகிறது.) தேன்கூட்டு வாசலில் காவல் நிற்கிற தேனீ உள்ளே வருகிற ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து, நம்ம வீட்டு வாசனையா என்று சரிபார்த்த பிறகுதான் விடுமாம். எங்கள் கம்பெனி செக்யூரிட்டிகூட அடையாள அட்டையைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

குடும்பத்தில் என் பெயர் தட்டோடு சேர்ந்துவிட்டது. எந்த விசேஷத்திலும் யாராவது தட்டை நீட்டினால், "கஸ்தூரி எங்க நிக்கறான்னு பார்த்துட்டு வாங்கு" என்று ஒரு குரல் வரும். எல்லாரும் சிரிப்பார்கள். தணிகாசலம் மாமா மட்டும் சிரிக்காமல், "நான் தட்டு வாங்கல, தேனீக்கு மறைச்சேன்" என்பார். ஒன்பது வருஷமாக இதே வாக்கியம்தான். அவர் இதைத் தவிர அதிகம் பேசுவதுமில்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. மனிதர் அன்றைக்கு வாய் நிறையச் சம்மதம் சொல்ல வந்தார், நான்தான் அந்த நல்ல வார்த்தையைச் சொல்லவிடாமல் உதட்டில் கொட்ட வைத்துவிட்டேன் என்று.

போன மாதம் சுமதி பெண்ணுக்குக் காதுகுத்து. ஒடுகத்தூர் வீட்டிலேயே வைத்தார்கள். சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது சுமதி கேட்டேவிட்டாள்.

"மாமா, இப்பவாச்சும் சொல்லுங்க. அன்னிக்கு, சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன்னு ஆரம்பிச்சீங்களாமே. இன்னா சொல்ல வந்தீங்க?"

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "வேணாம்னு சொல்ல வந்தேன்."

சுமதியின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன்னை இல்லம்மா" என்றார். "உன்னை எனக்கு இன்னா தெரியும் அப்ப? உங்க அக்காவாலதான். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டறாங்க, வாயே தொறக்கல. டவுன்ல வேலை, பட்டுப்பொடவை, இந்தக் காட்டு ஆளுங்ககிட்ட இன்னா பேசறதுன்னு உக்காந்திருக்காங்க, இவ்ளோ தலைக்கனம் புடிச்ச எடத்துல நமக்குச் சம்மந்தம் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுவே எல்லாரும் பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. சத்தியம் பண்ணி, பல்லைக் கடித்து, என் தங்கையின் வாழ்க்கைக்காக நான் காத்த அந்த ஒரு மணி நேர மௌனம்தான் அவள் வாழ்க்கையைக் கெடுக்க இருந்திருக்கிறது. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"அப்புறம் ஏன் மாமா விட்டீங்க?" என்று சுமதி கேட்டாள். "மறுநாள் பெரியப்பாவுக்குப் போன் பண்ணீங்களே, அதுல வேணாம்னு சொல்லலையா?"

"அதுலயா? ஆவணி வேணாம், ஆனியிலயே வெச்சிக்கலாம்னு சொன்னேன். அந்த மனுசன் காதுல விழல." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "என் சட்டையைப் பின்னால புடிச்சினு, 'மாமா, மாமா, இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க'ன்னு கத்தினாங்க பாரு உங்க அக்கா. கொட்டுற தேனீயெல்லாம் எனக்கு வாங்கி வெச்சிட்டு. சொந்தக்காரங்க இல்லாம வேற யாரு அப்படிப் பண்ணுவாங்க?"

முதலில் சிரித்தது சுமதிதான். அழுதுகொண்டே சிரித்தாள். நான் அழுகையோடு நிறுத்திக்கொண்டேன்.

புறப்படுகிற நேரம் வந்தது. தாய்மாமன் இல்லாத வீடு என்பதால் சீர்த்தட்டு கொடுக்க வேண்டியவள் நான்தான். ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்து, இரண்டு கையாலும் ஏந்தி அவர் முன்னால் போய் நின்றேன். மாமா எழுந்து நின்றார். துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு என் தோள் பக்கம் குனிந்து, நிதானமாக ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, தட்டை வாங்கிக்கொண்டார்.